யாரைப் பார்க்க வந்தது: எருமையை

பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பார். ஒருவரையும் சுடவில்லை. எழுதினேன். பனிமலையில் ஒரு காவல் மேடை, அதில் ஒரு நோட்டு, பேனா மை உறைந்துவிடும் என்பதால் ஒரு பென்சில். எதிரே எது அசைந்தாலும் நேரம் போட்டு எழுத வேண்டும் என்பது ஆணை. எதிரி அசையவே இல்லை. அசைந்ததெல்லாம் ஒரு நரியும் சில காக்கைகளும்தான். ஆணை ஆணைதானே? "நரி ஒன்று. மேற்கிலிருந்து கிழக்கு. அவசரமில்லை" என்று எழுதி வைத்தேன்.

மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நரிக்கு அவசரமில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இந்தியில் கேட்டார். இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தது சார் என்றேன். நோட்டை என் பக்கம் தள்ளி, "அப்படியென்றால் அதையும் எழுது" என்றார். என் எழுத்தைத் திருத்திய முதல் ஆள் அவர்தான்.

எங்கள் ஊர் பொன்னேரிப் பக்கத்து ஆரணி. பட்டுச்சேலை ஆரணி வேறே. எங்கள் ஊரில் நெல்தான். ஓய்வு பெற்று வந்தபோது நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேற்றில் இறங்கினால் எனக்கே பயமாக இருந்தது, மாட்டுக்கும் பயமாக இருந்தது. "பட்டாளத்தான் திரும்பி வந்தா ரெண்டே வேலை. ஒண்ணு பாங்கு வாசல்ல நிக்கறது, இன்னொண்ணு கம்பெனி வாசல்ல நிக்கறது" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நான் கம்பெனி வாசலுக்குப் போனேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். காலை ஷிப்டில் நான் செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

கேட்டில் என் ஆயுதம் ஒரு ரிஜிஸ்டர். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, காரணம், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஒரு சட்டம் உண்டு. வெற்று வரி விடக்கூடாது. விட்டால் பின்னால் எவனாவது பொய்யாக ஒரு வரியை நுழைத்துவிடலாம். லாரி டிரைவர்கள் ஸ்டியரிங் பிடித்த கையோடு பெரிது பெரிதாக எழுதி, ஒரு வரி விட்டு ஒரு வரிதான் நிரப்புவார்கள். மிச்ச வரியில் குறுக்குக் கோடு போட்டு அடிப்பது செக்யூரிட்டியின் வேலை.

ஒருநாள் காலை ஓர் உண்ணிக்கொக்கு குறுக்குக் கம்பிக்கு அடியில் குனிந்து, நடந்தே உள்ளே வந்தது. பறந்து வந்திருந்தால் விட்டிருப்பேன். நடந்து வந்தவரை எழுதாமல் எப்படி விடுவது? வெற்று வரி கண்ணெதிரே இருந்தது. பெயர்: உண்ணிக்கொக்கு. எங்கிருந்து: ஏரி. யாரைப் பார்க்க: எருமையை. காரணம்: சொந்த வேலை. வந்த நேரம்: 6.10. எங்கள் காம்பவுண்டின் பின்பக்கச் சுவர் இடிந்து, நாலு எருமைகள் அங்கே நிரந்தரமாக மேய்ந்துகொண்டிருந்தன. கொக்கு அவற்றின் முதுகில் ஏறி வேலையை முடித்துக்கொண்டு 9.40க்குத் திரும்பியது. கையெழுத்துக் கட்டத்தில், "போட்டது, தரையில்" என்று எழுதினேன்.

அன்றிலிருந்து நான் எந்த வெற்று வரியையும் அடிக்கவில்லை; நடந்து, ஊர்ந்து, பறந்து வந்ததையெல்லாம் அதில் எழுதினேன்.

முதலில் பார்த்தது என்னோடு அதே ஷிப்டில் நின்ற அம்மாள்தான். பெண் தொழிலாளிகளின் பையைப் பார்ப்பது அவர் வேலை. ஷிப்ட் முடியும்போது ஆண்களின் பையையும் அவரே பார்ப்பார். எவனும் எதிர்த்துப் பேசியதில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். கம்பெனிகள் வருவதற்கு முன் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். நான் பறவைகளைப் படம் போட்ட புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் நாற்றங்காலில் விதை பொறுக்கித் தின்றவை எவை என்று ஆள் ஆளாக அடையாளம் காட்டுவார்.

"இன்னா சார் எழுதி வெச்சிக்கினு கீறீங்க? மூக்கு நீளம், வாலு நீளம்னு. பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றார் முதல் நாளே. "அது இன்னா ஜோலியா வந்துச்சுன்னு எழுதுங்க. காரணம்னு ஒரு கட்டம் கீதில்ல?"

வாயைத் திறந்தால் ஒரு சொல் விழும் அவருக்கு. ஒற்றைக் காலில் நிற்கும் நாரையைப் பார்த்து, "ஒரு காலு ட்யூட்டி, ஒரு காலு ஓவர்டைம்" என்பார். என்னைப் பற்றி டிரைவர்களிடம், "சாமியே வரம் குடுத்தாலும் எங்க சாரு கேட்டத் தொறக்க மாட்டாரு" என்பார். நான் காதில் விழாத மாதிரி நின்று கேட்டுக்கொள்வேன். இப்படியே மூன்று வருடம் போனது. பதினோரு ரிஜிஸ்டர் நிறைந்தது.

கெட்டது ஒரு கீரியால். எங்களிடம் கம்பி வாங்கும் பெரிய இடத்திலிருந்து ஆடிட்டுக்கு ஒருவர் வந்தார். ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு வந்தவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கவும் பேசவும் வந்தது, அதுதான் வினை. ரிஜிஸ்டரில் விரல் வைத்து நின்றார்.

"இங்க கீரின்னு ஒருத்தர் வந்திருக்காரு. போன நேரம் போடலையே?"

"இன்னும் உள்ளதான் சார் இருக்குது" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் சிரித்தார். ஆனால் பேனா சிரிக்கவில்லை. "உள்ளே வந்தவர் வெளியேறியது பதிவாகவில்லை" என்று குறை எழுதிவிட்டுப் போனார்.

எங்கள் அட்மின் மேனேஜர் என் மகன் வயதுக்காரர், நல்ல பிள்ளை. கத்தவில்லை. அடுத்த வாரம் கேட்டுக்கு ஒரு தொடுதிரை டேப் வந்தது. இனி எல்லாம் அதில்தான். "சார், இதுல போன் நம்பர் அடிச்சாத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். கொக்குக்கு ஓடிபி எங்கேர்ந்து வரும், சொல்லுங்க?" என்றார். அவர் போனதும், "புதுச் செருப்பு, ரெண்டு நாளு கத்தும்" என்றார் அம்மாள்.

செருப்பு நிற்காமல் கத்தியது. பழைய ரிஜிஸ்டர்களில் வந்தவர் போனவரின் போன் நம்பரெல்லாம் இருக்கிறது, அதை வைத்திருக்கக்கூடாது, சனிக்கிழமை வேன் வரும், பதினொன்றையும் கூழாக அரைக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று தலைமை ஆபீசிலிருந்து உத்தரவு.

அந்த வரிகள் வேறு எங்கும் கிடையாது. எந்த மாதம் எது வந்தது, எந்த மழைக்கு எது போனது, எல்லாம் அந்தப் பதினோரு அட்டைகளுக்குள்தான். என்றாவது ஒருநாள் புத்தகமாக எழுத வேண்டும் என்று எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். போனில் படம் எடுத்திருக்கலாமே என்பீர்கள். வேலை ஆள்களுக்குக் கேமரா போன் அனுமதி இல்லை என்று போர்டு மாட்டியவனே நான்தான்.

புதன்கிழமை மதியம், பதினேழு வருடப் பட்டாளத்துக்காரன் திருடப் போனான். முதல் ரிஜிஸ்டரைத் துண்டில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்து, மேலே டிபன் பாக்ஸை வைத்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே போகும் வரிசையில் நின்றேன். முன்னால் நாலு பேர், பின்னால் பத்துப் பேர். மேசைக்குப் பின்னால் அம்மாள்.

"பை சார்."

"நான்தாம்மா."

"தெரியுது சார். பையத் தொறங்க."

"வெறும் டிபன்மா."

"அப்போ தொறக்கறதுக்கு இன்னா?"

திறந்தேன். டிபன் பாக்ஸை எடுத்து வைத்தார். துண்டைப் பிரித்தார். பின்னாலிருந்து எவனோ, "டேய், சாரே மாட்டிக்கினாருடா" என்றான்.

"இன்னா சார் இது?"

"பாத்தா தெரியலையா? ரிஜிஸ்டர்."

"கேட் பாஸ்?"

நான் துண்டை மறுபடி சுற்றப் பார்த்தேன்.

"என் அப்பனே வந்தாலும் பையப் பாருன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க? எங்கப்பன் செத்துட்டாரு. நீங்க வந்து நிக்கறீங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. புகார் எழுதவில்லை அவர். ரிஜிஸ்டரை என் கையில் கொடுத்து, உள்ளே கொண்டுபோய் வைக்கும்வரை வரிசையை நிறுத்தி வைத்தார். நான் திரும்பி வந்ததும் காலி டிபன் பாக்ஸை மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

வீட்டில் சொன்னால் அங்கேயும் சிரிப்பு. "இன்னாங்க, பதினேழு வருசம் நாட்டக் காத்துக்கினு நின்னீங்க, ஒரு நோட்டத் தூக்கினு வரத் துப்பில்லையா?" என்றாள் என் மனைவி. அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தும் குறை சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் அம்மாள் டீயோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"கோவமா சார்?"

"இல்ல."

"மூஞ்சி அப்படிச் சொல்லல. சார், நோட்டுதான போவக்கூடாது? அதுல எழுதினது போவலாமில்ல?"

"எப்படி?"

"வேற நோட்டுல எழுதிக்கினா?"

பதினோரு ரிஜிஸ்டரை மூன்று நாளில் ஒருவன் எழுத முடியுமா என்றேன். "ஒருத்தன் எதுக்கு?" என்று எடைமேடைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே லாரிகள் வரிசையாக நின்றன. எடை போட முறை வரும்வரை டிரைவர்கள் வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மேனேஜரிடம் போய், ஆள்களின் வரி ஒன்றும் வேண்டாம், பறவை, பாம்பு வரி மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டேன். யோசித்தார். "கொக்கோட விவரம் வெளிய போச்சுன்னு கொக்கு வந்து கேஸ் போடாதுல்ல? எழுதிக்கங்க" என்றார். அந்தப் பிள்ளைக்கு இன்றும் என் நன்றி உண்டு.

நம்பர்கள் மற்றவர் கண்ணில் படக்கூடாது என்பதால், ரிஜிஸ்டர் அம்மாள் மடியில். அவர் வாசிக்க, டிரைவர்கள் எழுத வேண்டும். பக்கத்துக் கடையில் கோடு போட்ட நோட்டுகள் வாங்கிக் கொடுத்தேன். ஆந்திராவிலிருந்து பழைய இரும்பு ஏற்றி வரும் டிரைவர் ஒருவர், நாயுடுப்பேட்டைப் பக்கத்துக்காரர், தலைப்பாகையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, பரீட்சையா? பெயிலானா லோடு எறக்க வுட மாட்டியா?"

"தமிழ் எழுத வருமா?" என்றேன்.

"பேச வரும். எழுத்து தெலுங்குலதான் வரும். கொக்குக்குத் தெலுங்கு தெரியாதா?"

தெலுங்கிலேயே எழுதச் சொன்னேன். ஆள் கிடைப்பதே பெரிது.

மூன்று நாள் மரத்தடி பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. அம்மாளின் குரல் மட்டும் கேட்கும், சொல் கேட்காது. நான் கேட்டில் டேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடுநடுவே டிரைவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். என் குறிப்பில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. எடைமேடையில் முறை வந்தும் ஒருவர், "இரு, இந்தப் பாம்பு போயிடட்டும்" என்று லாரியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சனிக்கிழமை வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. எட்டு ரிஜிஸ்டர் முடிந்திருந்தது. மூன்று மிச்சம். இன்னும் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தேன். மேனேஜர் கையை விரித்தார். வெளியே போகும் பொருளுக்கு கேட் பாஸ் எழுத வேண்டியவன் நான்தானே? "பழைய ரிஜிஸ்டர், பதினொன்று, திரும்பி வராத பொருள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மாள் வேனுக்குள் ஏறி, சட்டப்படி ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடிக்கிறவரை என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு இறங்கி, குறுக்குக் கம்பியைத் தூக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளைக் கூடத்தில் பரப்பினேன். ஏழெட்டுப் பேர் கையெழுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குச் சாய்ந்திருந்தது. மனைவி ஒன்றை எடுத்துப் புரட்டியவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இத்த நீங்க எழுதல" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"சிரிப்பு வருதே."

வாங்கிப் பார்த்தேன். "மடையான் ஒன்று. கால்வாய் ஓரம். அசைவில்லை." இதுவரை நான். அதற்கப்புறம், "எங்க மாமியாரும் இப்படித்தான் நிப்பாங்க. மீனு வந்தாத்தான் உசுரு கீறதே தெரியும்." இது யார் என்று சொல்ல வேண்டுமா? வாசிக்கிற வாக்கில் அம்மாள் தன் சொல்லையும் சேர்த்தே வாசித்திருக்கிறார். டிரைவர்கள் எது கொக்கு எது கொசுறு என்று பார்க்காமல் அத்தனையும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பென்சிலை எடுத்து, என் வரி எது, அவர் வரி எது என்று பார்த்து, அவருடையதை அடித்துக்கொண்டே போனேன். ஆள்காட்டிக் குருவியில் கை நின்றுவிட்டது. "ஆள்காட்டி இரண்டு. பலத்த கத்தல்" என்று நான் எழுதியிருந்தேன். கீழே, "முட்ட கீற எடத்துல கத்தாது. தள்ளிப் போயி, இல்லாத எடத்துல நின்னுதான் கத்தும். சாரு மூணு வருசமா கத்தற எடத்துலயே தேடிக்கினு கீறாரு, பாவம்" என்று இருந்தது.

மூன்று வருடமாக நான் அந்த முட்டையைத் தேடியது உண்மை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை போய், குருவி கத்தாத பக்கமாகப் பார்த்தேன். எடைமேடைக்குப் பின்னால், ஜல்லிக்கு நடுவில், ஜல்லி நிறத்திலேயே நாலு முட்டை.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கல. ஆபீசரு தேடும்போது நடுவுல பேசினா மரியாதையா இருக்குமா?"

அடித்த கோடுகளையெல்லாம் ரப்பரால் அழித்து, அந்த வரிகளுக்குத் திரும்ப உயிர் கொடுத்தேன். நாயுடுப்பேட்டை டிரைவர் அடுத்த லோடோடு வந்தபோது, அவருடைய தெலுங்கு நோட்டை அவரே வாசிக்க, நான் தமிழில் எழுதினேன். அவரும் சும்மா இருக்கவில்லை. செம்போத்து வந்த இடத்தில், "இது குறுக்க போனா அன்னிக்கு லோடு சீக்கிரம் எறங்கும், டிராபிக் போலீசும் எதிர்ல வர மாட்டான்" என்று ஒன்று. "இது உன் சரக்கா, அம்மாள் சரக்கா?" என்றேன். "இது நேஷனல் பர்மிட் சரக்கு, நைனா" என்றார்.

எட்டு ரிஜிஸ்டர் இப்படித் தேறியது. போன மூன்றும் பெருமழைக் காலத்தைச் சேர்ந்தவை. லாரி நிறுத்தும் இடத்தில் முழங்கால் தண்ணீர் நின்று, அதில் ஊசிவால் வாத்துகள் இறங்கி நீந்திய நாள்கள். அதை விட்டுவிட்டுப் புத்தகமா? மனதில் இருந்ததை எழுத உட்கார்ந்தேன். நோட்டைப் பார்த்து எழுதும்போது ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்த கை, இப்போது நிற்காமல் ஓடியது. எனக்கே சந்தேகமாக இருந்தது. பார்க்காததை எழுதுகிறோமோ என்று பட்டாளத்துக்காரன் உள்ளே இருந்து அதட்டிக்கொண்டே இருந்தான்.

எழுதியதை கேட்டுக்குக் கொண்டுபோய் அம்மாளிடம் கொடுத்தேன். டீ ஆறும்வரை படித்தார்.

"சார், வாத்து இருவதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ரெண்டு சார்."

"நான் எண்ணினேன்மா. இருபது."

"நானும் உங்க பக்கத்துலதான் நின்னேன். ரெண்டே ரெண்டு. தண்ணியில தெரிஞ்ச நெழலையும் சேத்துக்கினீங்களா?" விரலை மடக்கிப் பார்த்தார். "அப்படிச் சேத்தாலும் நாலுதான சார் வருது?"

நாயுடுப்பேட்டைக்காரரும் அந்த மழை வாரம் இங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். "வாத்தா? அன்னிக்கு என் லாரியே மெதந்துக்கினு கீது நைனா, அத்த எண்ணுனியா?" என்றார்.

ரிஜிஸ்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லை. எங்கோ கூழாகி, அட்டைப்பெட்டியாகி, அதில் யார் வீட்டிலோ மிக்சி வந்து இறங்கியிருக்கும். இருபது என்று சத்தியம் செய்வேன். ஆனால் இரண்டு என்று சொல்கிறவர் என் பையைப் பிரித்துப் பார்த்தவர்; அவர் கண்ணைச் சந்தேகப்படவும் எனக்கு வழியில்லை. ஒரு வாரம் அடித்து அடித்து எழுதினேன். கடைசியில், "வாத்து இருபது என்பது என் கணக்கு. கூட நின்றவர் இரண்டு என்கிறார். கூட நின்றவருக்குக் கண் நல்ல கண்" என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. படிக்கிறவர்கள் கடிதம் எழுதினால் முக்கால்வாசிப் பேர் அந்த வாத்துக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். முதல் பிரதியைக் கேட்டில் வைத்து அம்மாள் கையில் கொடுத்தேன். புத்தகத்தைக் கவிழ்த்து உதறி உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார். உதடு அசைய ஒரு தடவை படித்தார். மறுபடி ஒரு தடவை.

"ரெண்டுன்னு போட்டதுக்கு சந்தோசம் சார்" என்றார். "ஆனா அந்த ரெண்டும் நல்லா பெருசு. அத்தயும் ஒரு வார்த்த போட்டிருக்கலாம்."